வலது ஓரத்தைப் பார்க்காதீர்கள்

எங்கள் அப்பாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. அவர் முகம் உலகத்தில் மிச்சம் இருப்பது பதினோரு விநாடி, அதுவும் ஒரு பழைய ஹாலிவுட் படத்தின் வலது ஓரத்தில். அந்தப் படத்தின் ஒரே பிரதி உன்னதத் திரைப்பட ரசனைப் பேரவையின் குளிரறையில் இருக்கிறது. குளிரறையின் சாவி செயலாளர் இடுப்பில் இருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே சாமி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, பூசாரிகள் மட்டும் பதினான்கு பேர், எல்லோருக்கும் தனித்தனி மேஜை.

நான் தையல்காரி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மெஷின் போட்டுக் கடை வைத்திருக்கிறேன். பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் பிழைப்பு. வயது ஐம்பத்து மூன்று. ஹாலிவுட்டுக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் அப்பாதான்.

அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த வருஷம் ஹாலிவுட்டிலிருந்து ஒரு பெரிய கூட்டமே கப்பலேறி வந்து எங்கள் துறைமுகத்தில் நான்கு நாள் படம் பிடித்தது. உலகமே கொண்டாடிய நட்சத்திரம் கப்பலிலிருந்து இறங்கி வர வேண்டும், கரையில் ஜனங்கள் நிற்க வேண்டும். ஜனங்களுக்கு எங்கே போவது? மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து கிரேன் சங்கிலி அறுந்து அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் நான் பிறந்தேன்.

படம் இங்கே ஒரு வாரம் ஓடியதாம். அம்மா கைக்குழந்தையோடு போயிருக்கிறாள், நான் சரியாக அந்த இடத்தில் வீலென்று கத்தித் தியேட்டரையே இரண்டாக்கி அவளை வெளியே வர வைத்திருக்கிறேன். கடைசி நாள் என்னைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தாள். “வலது ஓரம். மூணாவது தூண் பக்கத்துல. தோள்ல கயிறு” என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும், “அதை வாயால சொல்ல முடியாதுடி. ஒரு தடவை நீ பாக்கணும்” என்பாள். எனக்கும் அந்த ஒரு தடவை போதும் என்றுதான் இருந்தது.

செல்போன் கடைக்காரரிடம் தேடச் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவின் கிடங்கு எப்போதோ தீப்பிடித்து எரிந்துவிட்டதாம். இணையத்தில் மூன்றே மூன்று படங்கள் கிடைத்தன. மூன்றிலும் அந்த நட்சத்திரத்தின் முகம்தான், காது வரைக்கும். காதுக்கு அந்தப் பக்கம் எங்கள் அப்பா இருந்திருக்கலாம்.

அப்புறம் ஒரு நாள் ஆல்டரேஷனுக்கு ஒரு கோட்டு வந்தது. இஸ்திரி போடுவதற்கு முன் பையைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே ஒரு துண்டறிக்கை இருந்தது. அதில் அதே முகம். ‘எண் நாற்பத்தொன்று: இறுதித் திரையிடல். தகுதி பெற்ற கண்களுக்கு மட்டும்.’ கீழே பேரவையின் விலாசம். கோட்டை அப்படியே மெஷின் மேல் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பேரவையில் படங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெயர் சொன்னால் பாமரத்தனமாம். இயக்குநரை ‘மேதை’ என்று மட்டும் சொல்ல வேண்டும். நடிகையை ‘அம்மையார்’ என்று சொல்ல வேண்டும். கதை என்ற வார்த்தையைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

விண்ணப்பத்தில் ஆறாவது கேள்வி, ‘இப்படத்தைக் காண விழைவதன் காரணம்’. நான்கு விடைகள் அச்சடித்திருந்தார்கள். ஒளியமைப்பு, மேதையின் ஆழ்ந்த துயரம், அம்மையாரின் இடது கன்னம், மேற்கண்ட அனைத்தும். வேறு காரணம் எழுத இடம் இல்லாததால் தாளின் விளிம்பில் எழுதிக் கொடுத்தேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், மாட்டிக்கொண்டு படித்தார்.

“என்னம்மா இது, விளிம்புல எழுதியிருக்கீங்க?”

“எழுத இடம் இல்லைங்க.”

“இடம் இல்லேன்னா அது காரணமே இல்லேன்னு அர்த்தம். ‘எங்கப்பாவைப் பார்க்க’ன்னு போட்டிருக்கீங்க. உங்கப்பா யாரு, ஒளிப்பதிவாளரா?”

“மூட்டை தூக்கறவருங்க. துறைமுகக் காட்சியில கூட்டத்துல நிக்கறாரு.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், பரிதாபப்பட்டார். “நாப்பத்தொண்ணுல கூட்டமே கிடையாதும்மா. நான் பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன்.”

“நீங்க அந்தப் படத்தைப் பாத்திருக்கீங்களா?”

“பாக்கறதா?” பக்கத்து மேஜைக்காரரைத் துணைக்குப் பார்த்துக்கொண்டார். “ஓட்டினா தேயும்மா. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதோட ஆயுசு குறையுது. நிபுணர் குழு சோதிச்சுப் பாத்து, இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தான் தாங்கும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் டப்பாவுக்கு சீல். அந்த ஒரு ஓட்டத்தைப் போய்ப் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் காட்ட முடியுமா? பத்து மாசம் படிச்சுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, பாப்போம்.”

வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. ஆனால் அது மாட்டுக்குப் பத்து மாசம் பாடம் நடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. விடை நான்கில் குறி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. முன்னால் ஒரு மேடை, மேடையில் ஒரு மடக்கு நாற்காலி, முதுகுக்கும் உட்காரவும் கித்தான் துணி. அது மேதையின் ஆசனம். மேதை அதில் உட்கார்ந்தது கிடையாது, அதைப் பார்த்ததும் கிடையாது, நாலு தெரு தள்ளி ஒரு மரச்சாமான் கடையில் வாங்கியது. ஆனாலும் வகுப்பு தொடங்குமுன் அதைப் பார்த்து அரை நிமிஷம் தலை குனிந்து நிற்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கும் விலக்கு கிடையாது.

மூன்றாவது வாரம் காவல்காரர் அதில் உட்கார்ந்து தூங்கி, கித்தான் டர்ரென்று கிழிந்துவிட்டது. பேரவையே இழவு வீடாகிவிட்டது. கடைசியில் டெய்லரம்மா ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள் என்று யாருக்கோ ஞாபகம் வந்து, நாற்காலியைத் துணி போர்த்தி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கடையில் கிடந்த கித்தானை வைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு எல்லோரும் என் தையலுக்குத் தலை குனிந்தார்கள். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு, “அந்தத் துணியின் இடப்பக்க மடிப்பைப் பாருங்கள். ஒரு மாபெரும் கலைஞனின் தனிமை அதில் உறைந்திருக்கிறது” என்றார்.

அது நான் போட்ட மடிப்பு. தனிமையெல்லாம் ஒன்றும் இல்லை, துணி பத்தவில்லை.

இந்தப் பேராசிரியர் நாற்பத்தொன்றைப் பற்றி மட்டும் மூன்று தடிப் புத்தகங்கள் எழுதியவர். நட்சத்திரத்தின் முகத்தில் விளக்குகள் எந்தெந்தக் கோணத்திலிருந்து விழுகின்றன என்று பலகையில் கோடு போட்டுக் காட்டுவார். முதன்மை விளக்கு ஒன்று, நிழலை இளக்கும் நிரப்பு விளக்கு ஒன்று, முடியைச் சுற்றி ஒளிக்கோடு இழுக்கப் பின்னாலிருந்து ஒன்று. உண்மையைச் சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடித்திருந்தது. துணியைத் திருப்பித் தையலைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு முகத்தை இப்படி உட்கார்ந்து தைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன். அந்த உற்சாகத்தில் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“ஐயா, நீங்க அந்தப் படத்தை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?”

“பாத்ததில்லை” என்றார், கொஞ்சமும் கூசாமல். “பாக்கவும் மாட்டேன். மூணு புஸ்தகம் எழுதியிருக்கேன்மா. போய்ப் பாத்துட்டு, எழுதினது மாதிரி இல்லேன்னா யாரு பொறுப்பு? படமா வந்து பதில் சொல்லும்?”

வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன், எனக்கு மதிப்பெண் வேண்டுமே.

முதல் கண் தேர்வில் தோற்றேன். தேர்வை நடத்துபவர் பார்வை ஆய்வாளர், நாங்கள் அவருக்கு வைத்த பெயர் டார்ச்சு. திரையில் பழைய படங்களின் காட்சிகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். டார்ச்சு நம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து, சின்ன டார்ச் விளக்கை அடித்து, நம் கருவிழி எங்கே போகிறது என்று பார்ப்பார். நட்சத்திரத்தின் முகத்தைத் தவிர வேறெங்காவது போனால் அவர் நோட்டில் ஒரு பெருக்கல் குறி. எனக்கு முப்பது காட்சிக்கு இருபத்தெட்டு குறி.

“எல்லாமே வலது ஓரம்” என்றார் டார்ச்சு. “அங்க என்னம்மா இருக்கு?”

“ஆளுங்க இருக்காங்களே, சார்.”

“அது ஆளு இல்ல, பின்னணி. இத்தனை விளக்கைப் போட்டு நடுவுல ஒரு முகத்தைக் காட்டினா, நீங்க ஓரத்துல மீன் கூடை தூக்கறவளைப் பாக்கறீங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க?”

இரண்டாம் தேர்விலும் தோற்றேன். எனக்கு அடுத்த இருக்கையில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். அவருக்குக் கண் திறந்தபடியே தூங்கும் வழக்கம். கருவிழி நட்டு வைத்தது போல் நடுவில் நிற்கும். அவர் இரண்டு தேர்விலும் முதலிடம் வாங்கி, உதாரண ரசிகர் என்று அறிவிப்புப் பலகையில் பெயர் ஏறினார்.

எனக்கு மட்டும் ஒரு சிறப்புக் குழு கூடியது. குதிரைக்குக் கண்ணின் இரண்டு பக்கமும் பட்டை கட்டுவார்களே, அதை நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம். பட்டைக்கு அளவு குறித்து ஒரு சுற்றறிக்கை தந்தார்கள். ‘பேரவையில் தையல் தெரிந்தவர் தாங்கள் ஒருவரே என்பதால் தாங்களே தைத்துக்கொள்ளலாம்’ என்று கடைசி வரி. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைச் சுருட்டி எறிந்தேன். மறுபடி எடுத்து, இஸ்திரி போட்டு, அளவு பார்த்துத் தைத்தேன். நல்ல கறுப்பு ட்ரில் துணி, உள்ளே கேன்வாஸ், பின்னால் எலாஸ்டிக். அதைப் பார்த்துப் பிடித்துப்போய் வகுப்புக்கே இருபத்திரண்டு தைக்கச் சொன்னார்கள்.

தினமும் நான்கு மணி நேரம் கட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவு. கடையிலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவர் கொடுத்த பேன்ட்டில் ஒரு காலை மட்டும் மூன்று அங்குலம் வெட்டிவிட்டு, இன்னொரு கால் இருப்பதையே பார்க்காமல் மடித்துக் கொடுத்தேன். முப்பது வருஷத்தில் நான் கெடுத்த முதல் பேன்ட் அது. வீட்டில் அம்மா சமையலறைக் குழாயடியில் உட்கார்ந்து குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாகத்தான் விழுகிறது, நிரப்பு விளக்கு ஒன்று இருந்தால் முகம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி மரம் மாதிரி நிக்கற? விழுந்துட்டேன்டி, தூக்கி விடு” என்றாள் அம்மா.

மூன்றாம் தேர்வில் தேறினேன். முப்பதுக்கு முப்பது. டார்ச்சு என் கையைக் குலுக்கினார்.

கடைசியாக வாய்மொழித் தேர்வு. தலைவர், செயலாளர், பேராசிரியர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவரின் கோட்டை நான்தான் அன்று மெஷின் மேல் போட்டுவிட்டு ஓடினேன் என்பது அவர் போட்டிருந்ததைப் பார்த்ததும் தெரிந்தது. தோள் இன்னும் பொருந்தவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

விளக்கு, கோணம், மேதையின் துயரம் எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னேன். கடைசிக் கேள்வியைத் தலைவர் கேட்டார்.

“துறைமுகக் காட்சியில் கூட்டம் என்பது என்ன?”

விடை பாடப்புத்தகத்தில் எழுபத்து நான்காம் பக்கம். எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள், கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்தக் கதவைப் பார்க்கக்கூட எனக்கு இப்போது கண் திரும்பாது.

“கூட்டம் என்பது ஆட்கள் அல்ல. அம்மையாரின் முகம் நிரப்பாத இடத்தை நிரப்பும் பொருள்” என்றேன்.

“முழு மதிப்பெண்” என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் அம்மா ஒன்றும் கேட்காதது போல், “பாஸா?” என்றாள். பாஸ் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினேன். கேவலம் கேவலம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பதினோரு விநாடிக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன பெண் என்றும் தோன்றியது.

திரையிடலுக்குச் சான்றிதழ் உள்ளவர் தன்னோடு ஒருவரை அழைத்து வரலாம், குறிப்பேடு ஏந்துபவராக. அவர் திரைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், தகுதியில்லாத கண் பட்டால் படம் மங்கிவிடும் என்று நிபுணர் குழு கருதுகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

“அவரு முகத்தைப் பாக்க வந்துட்டு முதுகைக் காட்டிட்டு உக்காரணுமா?”

“நான் உன் முழங்கால்ல தட்டறேன்மா. தட்டினதும் திரும்பிப் பாத்துடு.”

“நீ?”

“எனக்கு என்ன, நான் நேராத்தானே உக்காந்திருக்கேன்.”

அன்று சின்ன அரங்கு நிரம்பியிருந்தது. மேதையின் ஆசனத்தை மேடைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள், குனிந்தோம். தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

“ரசிகன் ஆபத்தானவன்” என்று தொடங்கினார். “விட்டால் அவன் படத்தைப் பார்த்துவிடுவான். அழுவான். சிரிப்பான். தன் வீட்டு ஞாபகத்தையெல்லாம் கொண்டுவந்து மேதையின் படைப்பில் கொட்டுவான். இந்தப் பேரவை முப்பது ஆண்டுகளாக அதைத் தடுத்து வந்திருக்கிறது. நண்பர்களே, ஹாலிவுட்டின் மேதைகள் ஆயிரம் பேரை நிற்க வைத்து ஒருத்தியைக் காட்டினார்கள். நாமோ அந்த ஆயிரம் பேரையும் காணாமல் ஒருத்தியை மட்டும் காணக் கற்றிருக்கிறோம். மேதைகளாலேயே முடியாததை நாம் முடித்துக் காட்டியிருக்கிறோம். இந்தக் குளிரறையில் அறுபது படங்கள் இருக்கின்றன. ஐம்பத்தெட்டை யாரும் பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு உலகில் எங்கே உண்டு?”

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. போஸ்ட்மாஸ்டர் மட்டும் கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. படம் ஓடத் தொடங்கியது.

இங்கே நான் பொய் சொல்லக் கூடாது. படம் நன்றாக இருந்தது. அத்தனை கிறுக்கர்கள் சேர்ந்து அதைப் பூட்டி வைத்தும், எண் குத்தியும், அதன் மேல் மூன்று புத்தகத்தைப் போட்டு மூடியும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் காட்சியிலேயே அந்த நடிகை ஒரு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. கையுறையைக் கழற்றினாள், ஒவ்வொரு விரலாக. புருஷன் செத்துப்போன செய்தி அவளுக்கு வந்துவிட்டது என்று அந்த விரலிலேயே தெரிந்தது. எனக்குப் பாடமெல்லாம் மறந்துபோனது. அடிப்பாவி, என்னமாய் நடிக்கிறாள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

நாற்பது நிமிஷத்தில் துறைமுகம் வந்தது. கப்பல், கயிறு, புகை. தூண்கள் தெரிந்தன. அம்மாவின் முழங்காலில் தட்டினேன். அவள் நாற்காலியோடு திரும்புவது கேட்டது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது ஓரம், மூணாவது தூண், தோள்ல கயிறு. என் நெஞ்சு மெஷின் ஓடுவது போல் அடித்தது.

அப்போது கப்பலின் படிக்கட்டு உச்சியில் அந்த நடிகை வந்து நின்றாள். அகலத் தொப்பி. காற்றில் தொப்பியின் விளிம்பு மெல்ல உயர்ந்தது, நிழல் முகத்திலிருந்து விலகி, இடது கன்னத்தில் வெளிச்சம் ஏறி, கண்ணுக்குள் போய் நின்றது. முதன்மை விளக்கு இடது மேலே, நிரப்பு விளக்கு கீழே என்று உள்ளே யாரோ ஒப்பித்தார்கள். அவள் யாரையோ தேடினாள். இந்த ஊரில் அவளுக்கு யாரும் கிடையாது, தெரிந்தும் தேடினாள். அவள் கண் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகத் துழாவியது. நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேதை மேதைதான், அவன் நாசமாய்ப் போக.

திரையில் ஒரு ஹோட்டல் அறை வந்தது. மின்விசிறி சுற்றியது.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது துறைமுகம் போய்விட்டிருந்தது. எழுந்து நின்று கத்தினேன். “நிறுத்துங்க! திருப்பிப் போடுங்க! ஐயா, ஒரே ஒரு தடவை, திருப்பிப் போடுங்க!”

அதற்குள் டார்ச்சு ஓடி வந்து விளக்கை அடித்தார். என் மேல் இல்லை, அம்மா மேல். அம்மா திரையைப் பார்த்து உட்கார்ந்து, கன்னமெல்லாம் நனைந்து, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன், தலைவர் படத்தை நிறுத்தச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லோரும் பாருங்கள்” என்றார், குரல் தழுதழுக்க. “திருப்பிப் போடுங்கள் என்று கதறுகிறார். மேதையின் ஒரு காட்சி ஒரு சாதாரணத் தையல்காரியை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆய்வாளரே, இவர் கண்ணைக் கவனித்தீர்களா?”

“கவனிச்சேன் ஐயா” என்றார் டார்ச்சு. “அந்தம்மா திரும்பினதைக்கூட இவங்களைக் கவனிச்சுக்கிட்டிருந்ததாலதான் கோட்டை விட்டுட்டேன். துறைமுகக் காட்சி முழுக்க இவங்க கண்ணு நடுவுலேர்ந்து ஒரு நூல்கூட நகரல. ஓரத்துப் பக்கம் போகவே இல்ல. நானே கியாரண்டி.”

எனக்குத் தங்க முலாம் பூசிய ஒரு பதக்கம் மாட்டினார்கள். என் கண்ணீரைப் பேராசிரியர் நான்காம் புத்தகத்துக்காகக் குறித்துக்கொண்டார். படத்தின் மிச்சம் ஓடி முடிந்ததும் சுருளைத் தகர டப்பாவில் வைத்து, செயலாளர் அரக்கை உருக்கி ஊற்றி சீல் வைத்தார். ஐயா, கத்தரிச்சு அந்தத் துண்டை மட்டுமாவது குடுங்க என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அடக்க முடியாத ரசனை என்று அதற்கும் கைதட்டினார்கள். குளிரறைக் கதவு சாத்தும் வரை இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அம்மா பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இழுத்ததில் செருப்பு வார் அறுந்திருந்தது. ஆனால் முகம், அதை நான் எப்படிச் சொல்வேன், கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பேசினாள்.

“கயிறு தோள்லயேதான்டி இருந்துச்சு. நான் சொன்னேன்ல? ஆனா சிரிச்சாருன்னு நான் மறந்தே போய்ட்டேன் பாரு. பக்கத்துல இருந்தவன் என்னமோ சொல்றான், இவரால சிரிப்பை அடக்க முடியல. பாத்தே இல்ல?”

“பாத்தேன்மா.”

“நெத்தி அப்படியே உன் நெத்தி.”

“ஆமாம்மா.”

“அம்பது வருஷமா நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நீ சொல்லுடி. எப்படி இருந்தாரு உங்கப்பா? உன் வாயால கேக்கணும்.”

வாயைத் திறந்தேன். என்னிடம் என்ன இருந்ததோ அதுதான் வந்தது. “இடது பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வந்துச்சும்மா. கன்னத்துல மெதுவா ஏறி, அப்படியே கண்ணுக்குள்ள போயி…”

தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அவரு நிழல்லதானேடி நின்னாரு” என்றாள் அம்மா.

நான் தலை நிமிரவில்லை. பஸ் வந்தது. அறுந்த செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.